பத்து வருஷத்துக்கு மேலான கம்ப்யூட்டர்: எதற்குச் செலவழிக்கலாம், எங்கே நிறுத்தலாம்

கேள்வி இதுதான். 2014-இல் அசெம்பிள் செய்து வாங்கிய வீட்டு டெஸ்க்டாப். இன்டெல் ஐ3-4150 பிராசஸர், எச்81 போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் செய்து கைக்கு அடங்கவே ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. குரோமில் நாலு டேப் திறந்தால் உறைந்து நிற்கிறது. மகளின் கல்லூரிப் பாடம், பேங்க் வேலை, யூடியூப், அப்பா தமிழில் அடிக்கும் கடிதங்கள், இவ்வளவுதான் பயன்பாடு. "போர்டு பழசாயிடுச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க" என்கிறார் கடைக்காரர். சின்னச் செலவில் இன்னும் சில வருஷம் ஓட்ட முடியுமா?

முடியும். இந்த வேலைகளுக்கு நாலாம் தலைமுறை ஐ3 இன்னும் போதும். உங்கள் மெஷினில் பிராசஸர் திணறவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஃபைல் வந்து சேரட்டும் என்று காத்திருப்பதிலேயே அதன் நேரம் போகிறது. அந்தக் காத்திருப்பை நீக்கினால் வீட்டில் இருப்பவர்களுக்கே இது அதே மெஷினா என்று சந்தேகம் வரும்.

ஆனால் பழைய கம்ப்யூட்டருக்குச் செலவழிப்பதில் ஓர் ஆபத்து உண்டு. இதை மாற்றினோம், அதையும் மாற்றிவிடலாம் என்று போய், கடைசியில் புது மெஷினில் பாதி விலையைப் பழசில் கொட்டியிருப்போம். அதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. அடுத்த மெஷினுக்கும் கூட வரக்கூடிய பொருளுக்குத் தாராளமாகச் செலவழியுங்கள்: எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும், சுற்றும் பாகம் இல்லாத டிஸ்க்), யுபிஎஸ், மானிட்டர், கீபோர்டு. இந்த போர்டோடு முடிந்துபோகும் பொருளுக்கு, அதாவது டிடிஆர்3 ராமுக்கும் 1150 சாக்கெட் பிராசஸருக்கும், கையை இறுக்கிப் பிடியுங்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மெஷினை ஆன் செய்து டெஸ்க்டாப் வந்த உடனே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றையும் கொஞ்ச நேரம் பாருங்கள். இந்த வகை மெஷினில் பெரும்பாலும் சிபியு மிதமாக ஏறி இறங்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் கீழே 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று மில்லிசெகண்டில் ஓர் எண் ஓடும். டிஸ்க் திணறும்போது அது நூறுகளில் போகும். மெமரியில் 4 ஜிபியில் மூன்றுக்கு மேல் நிரம்பியிருக்கும். ராம் போதாதபோது விண்டோஸ் அதில் இருப்பதில் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதிவைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். ஏற்கெனவே தவிக்கும் டிஸ்க்குக்கு இது இன்னொரு சுமை. நாலு டேபில் உறைவது இதனால்தான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு தவிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் செலவு எங்கே போக வேண்டும் என்பது தானாகப் புரியும். உங்கள் டிஸ்க்கில் உள்ள தட்டு நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல். முள் அந்த வட்டத்துக்கு நகர இன்னொரு 8, 9 மில்லிசெகண்ட். ஆக ஒரு சின்ன ஃபைலை எடுக்க 12, 13 மில்லிசெகண்ட். நொடிக்கு எண்பது தடவைதான் போய்வர முடியும். ஒரு சினிமா ஃபைலை வரிசையாகப் படிக்கச் சொன்னால் இதே டிஸ்க் நொடிக்கு நூறு எம்பிக்கு மேல் கொடுக்கும். ஆனால் விண்டோஸ் தொடங்குவது அப்படி வரிசையான வேலை இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கும். எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. ஒரு துண்டை எடுக்க ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. சாட்டா (டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் வழக்கமான முறை) வகையைச் சேர்ந்த விலை குறைந்த சாதாரண எஸ்எஸ்டியே இந்த வேலையில் ஹார்ட் டிஸ்க்கைவிட நூறு மடங்குக்கு மேல் வேகம்.

எனவே முதல் செலவு எஸ்எஸ்டி. அதற்கு முன்னால் இரண்டு காரியம் இருக்கிறது.

ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'குட்' என்று நீலத்தில் வந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால், ரீஅலோகேட்டட் செக்டர், கரன்ட் பெண்டிங் செக்டர் ஆகிய இரண்டு வரிகளையும் பாருங்கள். அவற்றில் பூஜ்யம் இல்லாமல் எண் இருந்தால் டிஸ்க் படிப்படியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் வேறு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். குடும்பப் போட்டோக்களையும் சான்றிதழ் ஸ்கேன்களையும் அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டு, பேக்கப். போட்டோ, டாகுமென்ட், டவுன்லோட், பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்டு என்று எல்லோரும் எடுப்பதை எடுப்பீர்கள். தமிழ் வீடுகளில் மறந்துபோவது ஃபான்ட். அப்பாவின் கடிதங்கள் பழைய வேர்டு ஃபைல்களாக இருந்தால், அவற்றில் சில வானவில், பாமினி மாதிரி, யூனிகோடு என்ற இன்றைய பொது எழுத்துமுறைக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கக்கூடும். புது விண்டோஸ் போட்டதும் அந்த ஃபான்ட் இருக்காது. கடிதம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியீடுமாக அலங்கோலமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை, ஃபான்ட்தான் இல்லை. அதனால் சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுத்து வையுங்கள். பிறகு நேரம் கிடைக்கும்போது அந்தக் கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை ஒரேயடியாகப் போய்விடும். அதற்கு இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன.

இனி எஸ்எஸ்டி. உங்கள் போர்டுக்கு வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி. விண்டோஸ் போட 240, 256 ஜிபியே போதும் என்பார்கள். கையில் காசு இருந்தால் 500 ஜிபிக்குப் போங்கள். இது அடுத்த டெஸ்க்டாப்புக்கும் கூட வரப்போகிற பொருள்; இன்றைய போர்டுகளிலும் சாட்டா போர்ட் இருக்கிறது. சாம்சங், டபிள்யூடி, கிங்ஸ்டன் மாதிரி பெயர் தெரிந்த கம்பெனியாக, மூன்று வருஷமாவது வாரண்டி உள்ளதாக, பில்லோடு வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு 2 டெரா, 4 டெரா என்று ஆன்லைனில் வருபவற்றின் பக்கம் போகாதீர்கள். அவற்றில் பல, உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டை ஒட்டி, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்தவை. நிரம்பும் வரை நல்ல பிள்ளை மாதிரி இருந்து, பிறகு பழைய ஃபைல்களின் மேலேயே எழுதிவிடும்.

மாட்டுவது நீங்களே செய்யக்கூடியதுதான். கரண்டை அணைத்து, பின்னால் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். கேபினெட்டின் இடது பக்கப் பலகையைக் கழற்றி, வர்ணம் பூசாத இரும்பில் கை வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். எச்81 போர்டில் இரண்டு விதமான சாட்டா போர்ட் உண்டு: இரண்டு மட்டும் நொடிக்கு 6 ஜிகாபிட், மற்றவை 3 ஜிகாபிட். பல போர்டுகளில் நிறம் வேறாக இருக்கும். பக்கத்தில் 6ஜி என்றோ அதைக் குறிக்கும் வேறு அடையாளமோ அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டி ஒயரை 6 ஜிகாபிட் போர்ட்டில் செருகுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் அதில் இருந்தால் அதை 3-க்கு நகர்த்தலாம். அதன் வேகத்துக்கு அதுவே மிச்சம். எஸ்எஸ்டிக்குத் தனி பிராக்கெட் இல்லையென்றாலும் பரவாயில்லை. எடை ஐம்பது, அறுபது கிராம்தான், ஆடும் பாகமும் இல்லை. ஒரு திருகில் தொங்கினாலும் ஓடும். ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும்: எஸ்எம்பிஎஸ்ஸில் (கேபினெட்டுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) சாட்டா பவர் முனை மிச்சம் இல்லாமல், பழைய நாலு முள் முனையிலிருந்து மாற்றும் மலிவான ஒயரைக் கடைக்காரர் கொடுத்தால், அதன் சாட்டா முனையைப் பாருங்கள். பிளாஸ்டிக்கை உருக்கி ஒயர் மேல் ஊற்றி ஒரே கட்டியாகச் செய்தது வேண்டாம். உள்ளே ஒயர்கள் நெருங்கித் தொட்டுக்கொண்டு தீப்பிடித்திருக்கின்றன. டிவிடி டிரைவ் இருந்தால் அதன் பவர் முனையையே கழற்றி இதில் போட்டுவிடலாம். இப்போது டிவிடி யார் பார்க்கிறார்கள்?

பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் போர்டின் செட்டிங் பக்கம்) போய் சாட்டா மோடு ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில லோக்கல் அசெம்பிளர்கள் அந்தக் காலத்தில் ஐடிஇ என்ற பழைய மோடிலேயே விட்டுவிடுவார்கள். புதிதாக விண்டோஸ் போடுவதற்கு முன் மாற்றினால் பிரச்சினை இல்லை. பழைய விண்டோஸ் இருக்கும்போது மாற்றினால் அது பூட் ஆகாமல் போகலாம்.

பழைய விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்வதா, புதிதாகப் போடுவதா? டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் குளோன் சுலபம். குளோன்ஸில்லா, ரெஸ்க்யூஸில்லா இரண்டும் இலவசம்; பல எஸ்எஸ்டி கம்பெனிகளும் தங்கள் மென்பொருளைக் கொடுக்கின்றன. என் ஓட்டு புதிதாகப் போடுவதற்கே. பத்து வருஷத்தில் சேர்ந்த டூல்பார், பாதி அழிந்த ஆன்டிவைரஸ், வேண்டாத டிரைவர் எல்லாவற்றையும் புது இடத்துக்குச் சுமந்துகொண்டு போக வேண்டாம். விண்டோஸ் லைசென்ஸ் முறையானதாக இருந்தால் டிஸ்க்கை மாற்றுவதால் அது போகாது. டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டோடு பிணைந்தது. நெட்டில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். புதிதாகப் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூட் ஃபைலை விண்டோஸ் பழைய டிஸ்க்கில் வைத்துவிடும், பின்னால் அந்த டிஸ்க்கை எடுத்ததும் மெஷின் எழுந்திருக்காது. தவறிப்போய் பழைய டிஸ்க்கை ஃபார்மட் அடித்துவிடும் ஆபத்தும் இதோடு தீர்ந்தது.

அப்புறம் ராம். 4 ஜிபி இன்றைய பிரௌசருக்குப் போதாது. 8 ஜிபி வேண்டும். எச்81 போர்டில் இரண்டே ஸ்லாட், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். ஒன்றில் 4 ஜிபி இருக்கும், இன்னொன்று காலியாக இருக்கும். அந்தக் காலி ஸ்லாட்டில் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 1600 போட்டால் வேலை முடிந்தது. இரண்டு ஸ்லாட்டிலும் சம அளவு இருக்கும்போது டூயல் சேனலில், அதாவது இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையில் ஓடும். உங்கள் ஐ3-இல் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் திரைக்கான வேலைக்கும் இதே ராம்தான் பயன்படுகிறது. அதற்கும் இது நல்லது. 4-உம் 8-உம் கலந்து 12 போட்டாலும் ஓடும். 16-க்குப் போக வேண்டாம். இந்த ராம் அடுத்த மெஷினில் நுழையாது. டிடிஆர்4 ஸ்லாட்டில் நடுப்பள்ளம் வேறு இடத்தில் இருக்கும்.

டிடிஆர்3 இப்போது பெரும்பாலும் செகண்ட் ஹேண்டில்தான் நல்ல சரக்காகக் கிடைக்கும். சென்னையில் இருந்தால் ரிச்சி ஸ்ட்ரீட். வேறு ஊர் என்றால், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்துப் பிரித்து விற்கும் கடை ஏதாவது ஒன்று உங்கள் ஊரிலோ பக்கத்து டவுனிலோ இருக்கும். போகும்போது உங்கள் ராம் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஆன்லைனில் 'ஏஎம்டி மட்டும்' என்று சின்ன எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் டிடிஆர்3 ராம் இன்டெல் போர்டில் ஓடாது. அதன் சிப் அமைப்பே வேறு. லேப்டாப் ராம் நீளத்தில் பாதிதான் இருக்கும், அதுவும் நுழையாது. வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள்.

மாட்டும்போது ஸ்லாட்டின் இரு முனையிலும் உள்ள கிளிப்பை வெளியே தள்ளி, பள்ளத்தைப் பொருத்திப் பார்த்து, இரண்டு கட்டைவிரலாலும் நேராக அழுத்துங்கள். கிளிப் தானாக எழுந்து 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். போர்டு கொஞ்சம் வளைவது போலத் தெரிந்து பலர் பாதியில் விட்டுவிடுவார்கள். மெஷின் பீப் அடிக்கும், ராம் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆன் செய்ததும் திரை வராவிட்டால் பழைய ராமையும் எடுத்து, தங்கநிறப் பட்டைகளைச் சுத்தமான பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, மறுபடி மாட்டுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் வருஷக்கணக்காக இருந்த ராமுக்கு இது பல தடவை போதும். செகண்ட் ஹேண்ட் ராம் என்றால் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவசக் கருவியைப் பென் டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சிவப்பில் ஒரு வரி இருந்தாலும் கடைக்குத் திருப்பிவிட வேண்டியதுதான். ஓரிரு பிழைதானே என்று விட்டால், பிறகு காரணம் தெரியாமல் ஃபைல் கெடும்.

இந்த இரண்டோடு ஹார்டுவேர் வேகத்துக்கான செலவு முடிந்தது. இனி இந்த மெஷின் எத்தனை வருஷம் ஓடும் என்பதை முடிவு செய்யப்போவது மென்பொருள். உங்கள் கேள்வியில் இது இல்லை. ஆனால் எஸ்எஸ்டியைவிட முக்கியமான விஷயம் இதுதான்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மெஷின் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு அடைப்பு வராது. வீட்டுப் பயனர்களுக்கென்று 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதற்கான இணைப்பு வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை அவர்கள் கிளவுடில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லாவிட்டால் 30 டாலர் அல்லது 1000 ரிவார்ட்ஸ் புள்ளி. பேங்க் வேலை செய்யும் மெஷின் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்டோஸ் 11-க்கு உங்கள் மெஷின் தகுதி பெறாது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்பார்கள், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். கட்டுப்பாட்டைத் தாண்டிப் போட வழி இருக்கிறது, பல கடைகளில் போட்டும் கொடுக்கிறார்கள். ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. குடும்பத்தின் பேங்க் கணக்கு ஓடும் மெஷினில் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் ஆனதாகக் காட்டும் 'ஆக்டிவேட்டர்' ஓட்டிக் கடையில் போட்டுக்கொடுத்த விண்டோஸ் என்றால் இன்னும் மோசம். அந்த ஆக்டிவேட்டரை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். கூடவே என்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது.

உங்கள் பயன்பாட்டுக்கு என் பரிந்துரை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் அதன் சின்னமன் பதிப்பே சுகமாக ஓடும். 4 ஜிபியில் விட்டால் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஸ்டார்ட் மெனு இருக்கும் இடத்திலேயே மெனு, அதே டாஸ்க்பார். பெரியவர்களுக்கும் பழகச் சில நாள் போதும். பென் டிரைவில் எழுதி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே பூட் செய்து முதலில் ஓட்டிப் பாருங்கள். சவுண்ட் வருகிறதா, வைஃபை டாங்கிள் பிடிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா என்று பார்த்த பிறகு போடலாம். இதில் பிரிண்டர்தான் பெரும்பாலும் இடிக்கும். நம் ஊர் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிறைந்திருக்கும் கேனான் எல்பிபி2900-ஐ லினக்ஸில் ஓட வைப்பது பெரும்பாடு. எச்பி லேசர்ஜெட் 1020 என்றால் எச்பியின் கூடுதல் பிளகின் ஒன்றை இறக்கிப் போட்டால் ஓடும். மலிவான யுஎஸ்பி வைஃபை டாங்கிளும் சில சமயம் மக்கர் செய்யும். லேன் ஒயர் கொடுத்தால் தீர்ந்தது.

தமிழ் அடிப்பதற்குக் கவலை வேண்டாம். ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் தமிழ்99, ஒலியியல் முறை இரண்டும் கிடைக்கும். அப்பா பழைய டைப்ரைட்டர் முறையில் அடிப்பவராக இருந்தால், அவர் விரல்பழக்கத்துக்கு ஒத்த அமைப்பு கிடைத்து, அவரே நாலு வரி அடித்துப் பார்த்த பிறகு மற்றதை முடிவு செய்யுங்கள். அவர் கடிதங்கள் லிப்ரேஆபீஸில் திறக்கும். எடுத்து வைத்த ஃபான்ட்டை இங்கேயும் போடலாம். மகளுக்குப் பைத்தான், சி, ஜாவா பாடம் என்றால் லினக்ஸ் இன்னும் வசதி. ஆட்டோகேட், டேலி, ஃபோட்டோஷாப் வேண்டும் என்றால் மட்டும் விண்டோஸை விட முடியாது. அப்போது 500 ஜிபி எஸ்எஸ்டியைப் பிரித்து இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பேங்க் வேலைக்கு லினக்ஸ், டேலிக்கு மட்டும் விண்டோஸ்.

யூடியூப் பற்றி ஒன்று. இந்தத் தலைமுறை இன்டெல் கிராபிக்ஸ் எச்264 வகை வீடியோவைத் தானே எளிதாக விரித்துக் காட்டும். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வகையில் அனுப்புகிறது. அவற்றுக்கு உங்கள் சிப்பில் முழு வசதி இல்லாததால் மொத்தப் பாரமும் பிராசஸர் மேல் விழுந்து, ஃபேன் அலறும், வீடியோ தடுக்கும். எச்264இஃபை என்ற இலவச பிரௌசர் எக்ஸ்டென்ஷனைப் போடுங்கள்; யூடியூபிடம் எச்264-ஐயே கேட்டு வாங்கும். 1080பி வரைதான் கிடைக்கும், உங்கள் மானிட்டருக்கு அது போதும். இதற்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம்.

இனி கவனிக்காமல் விடும் சில்லறை விஷயங்கள். மெஷின் ஆன் ஆகும்போதெல்லாம் தேதி பழைய வருஷத்துக்குப் போகிறதா? பேங்க் தளத்தைத் திறந்தால் 'கனெக்‌ஷன் பாதுகாப்பானது இல்லை' என்று வருகிறதா? போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலேயே கிடைக்கும். இதை வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடித்துக் காசு வாங்கும் கடைகள் இருக்கின்றன.

கேபினெட்டைத் திறந்ததும் பிராசஸர் ஃபேனைப் பாருங்கள். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி மெத்தை மாதிரி படிந்து காற்றே போகாமல் இருக்கும். பெயின்ட் பிரஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தெர்மல் பேஸ்ட் இத்தனை வருஷத்தில் சுண்ணாம்பாகக் காய்ந்திருக்கும். ஆனால் கூலரைக் கழற்றுவதற்கு முன் யோசியுங்கள். இன்டெல் கூலரின் நாலு பிளாஸ்டிக் முள்ளும் பழசாகி நொறுங்கும் பதத்தில் இருக்கும், ஒன்று உடைந்தாலும் கூலர் சரியாக உட்காராது. எச்டபிள்யூமானிட்டர் போட்டு வெப்பத்தைப் பாருங்கள். வேலை கொடுக்கும்போது 80-க்குள் நின்றால் தூசியைத் துடைத்ததோடு விடுங்கள். 90-ஐத் தாண்டினால் பேஸ்ட் மாற்றத்தான் வேண்டும். அப்போது ஒரு புது கூலரையும் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் கடைக்காரர் சொன்னதுதான் சரி. அந்த போர்டு மேல் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். அதே போல மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆனால் முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் 450 வாட் என்று லேபிள் இருக்கும். உள்ளே அவ்வளவு இருக்காது. மாற்றினால் 80 பிளஸ் சான்று உள்ளதாகப் போடுங்கள். அடுத்த மெஷினுக்கும் உதவும்.

யுபிஎஸ் கரண்ட் போன நொடியே பீப் அடித்து அணைந்தால் பேட்டரி போய்விட்டது. பெரும்பாலான 600 விஏ யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி. அதை மட்டும் மாற்றினால் போதும், புது யுபிஎஸ் தேவையில்லை. எஸ்எஸ்டி எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட வாய்ப்பு இருப்பதால் இதையும் இந்தச் செலவிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிராசஸரை ஐ5-4590, ஐ7-4790 என்று மாற்றலாமா? சாக்கெட் ஒன்றுதான். 4150-உம் அதே 2014 வரிசை என்பதால் பயாஸ் பிரச்சினையும் பெரும்பாலும் வராது. இரண்டு கோர் நாலாகும். வீடியோ எடிட் செய்பவர் என்றால் வித்தியாசம் தெரியும். உங்கள் வேலைக்குத் தெரியாது. பணம் போட்டும் விண்டோஸ் 11 தகுதி கிடைக்காது. என்விஎம்இ என்ற இன்னும் வேகமான வகை எஸ்எஸ்டியை அடாப்டர் கார்டில் மாட்டும் யோசனையும் வேண்டாம். இந்தக் காலத்து போர்டுகளில் பல அதிலிருந்து நேரடியாக பூட் ஆகாது.

இதெல்லாம் நாலாம் தலைமுறைக்கு. கோர் 2 டுயோ, டிடிஆர்2 ராம் மெஷின் வைத்திருப்பவர்கள் இந்த வழியில் போகாதீர்கள். எச்61 போர்டு (இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கானது) என்றால் செய்யலாம். சாட்டா போர்ட் எல்லாமே 3 ஜிகாபிட் என்பதால் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது, ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். உங்கள் போர்டே போய்விட்டால் பழைய எச்81 போர்டைத் தேடி அலையாமல், ஆபீஸ்களிலிருந்து வரும் ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி, லெனோவோ டெஸ்க்டாப்களில் ஐ5-8500 மாதிரி எட்டாம் தலைமுறை பிராசஸர் உள்ளதாகப் பாருங்கள். விண்டோஸ் 11 முறையாக ஏறும், புதுசின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். வாங்கிய எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

பழைய 500 ஜிபி டிஸ்க், கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் 'குட்' வந்திருந்தால், போட்டோக்களின் இரண்டாவது நகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குள்ளேயே விடாமல், தனி அடாப்டரோடு வரும் 3.5 இன்ச் யுஎஸ்பி பெட்டியில் போட்டு, நகல் எடுக்கும்போது மட்டும் இணைத்தால் போதும். 2.5 இன்ச் பெட்டி வாங்கிவிடாதீர்கள், டெஸ்க்டாப் டிஸ்க் அதில் உட்காராது. அதற்கு வேண்டிய 12 வோல்ட்டை யுஎஸ்பி ஒயரும் கொடுக்காது.